வசனத்தின் மீதி

“உங்க ஆளுங்கள்ல ஒருத்தர்கூட ஏன் வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க?”

இஸ்திரி அக்கா தன்னிடம் இதைக் கேட்டபோது அவள் ஊறல் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டிருந்தாள். பஸ் நிலையத்தில் குண்டு வெடித்த வாரம் அது. ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்துக்கு விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. ரத்தக் கறையைச் சுடுதண்ணீரில் போடக் கூடாது. போட்டால் துணியோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு என்ன தலைகீழாக நின்றாலும் போகாது. முதலில் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீர் தெளியும் வரை அலசிவிட்டுத்தான் இயந்திரத்தில் போட வேண்டும். அந்த வாரம் தண்ணீர் தெளியவே இல்லை.

அக்கா கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டில் தன் டப்பாவிலிருந்து ஒரு பங்கை இவள் டப்பாவுக்குள் தள்ளிவிட்டுத்தான் தான் சாப்பிடுவார். ஆனால் அந்த வெடிப்பில் அக்காவின் தங்கை மகனுக்கு ஒரு கால் போய்விட்டது. பையன் மாடி வார்டில் படுத்திருந்தான். அக்கா கீழே நின்று, விரிப்பின் மேல் இஸ்திரிப் பெட்டியை ஓங்கி ஓங்கி வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“உன்னைச் சொல்லலடி, கோட்டான். உனக்குத்தான் வாயே கிடையாதே. உங்க பெரியவங்களைக் கேக்கறேன். அவனுங்க உங்க சாமி பேரைச் சொல்லித்தானே வச்சானுங்க? அது எங்க சாமி சொன்னது இல்லைடான்னு ஒருத்தராவது எழுந்து சொல்லலாம்ல?”

சொன்னார்கள். பள்ளிவாசல் இமாம் வெள்ளிக்கிழமை மேடையிலேயே சொன்னார். இது பாவம், இதைச் செய்தவனுக்கும் நமக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று சொன்னார். கேட்பதற்கு டிவிக்காரன் எவனும் கேமராவைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் இமாமின் குரல் முதல் மூன்று வரிசையைத் தாண்டாது என்பதும் அவளுக்குத் தெரியும். அவள் அடுத்த விரிப்பைத் தொட்டியில் அமுக்கினாள்.

அந்த விரிப்பின் மடிப்புக்குள் ஏதோ கையில் தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தாள். சின்னப் பிள்ளை தலையில் குத்துகிற கிளிப். மஞ்சள் நிறம், நுனியில் ஒரு பூ. துணிகளில் அகப்படும் பொத்தான், மோதிரம், சில்லறை எல்லாவற்றையும் போட்டு வைக்க ஜன்னல் ஓரத்தில் ஒரு தட்டு இருந்தது. கிளிப்பைக் கழுவித் துடைத்து அதில் வைத்தாள். யாராவது தேடி வருவார்கள் என்று வாரம் முழுக்க வாசலைப் பார்த்தாள். யாரும் வரவில்லை.

ஊமைக்கோட்டான் என்பது சின்ன வயதிலேயே ஒட்டிக்கொண்ட பெயர். நாலு பேர் முன்னால் நின்றால் அவள் நாக்கு அண்ணத்தில் போய்ப் பசை போட்டு ஒட்டிக்கொள்ளும். சலவைக்கூடத்தில் இயந்திரங்களின் இரைச்சலுக்கு வாயாடிகளே தொண்டையைக் கிழித்துக்கொள்ள வேண்டியிருந்ததால், அங்கே அவளுக்கு நிம்மதி. வீட்டில் அவளுக்கும் சேர்த்துத் தம்பி பேசினான்.

தம்பி மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் பார்சல் கொடுப்பவன். தெருவில் அவன் சிரிப்புச் சத்தம் முதலில் வரும், வண்டிச் சத்தம் பிறகுதான் வரும். வெடிப்புக்கு மறுநாள் போலீஸ்காரர்கள் அவனை நடுரோட்டில் நிறுத்தினார்கள். அடையாள அட்டையில் பெயரைப் படித்ததும் பையைக் கவிழ்த்தார்கள். பார்சல்களைப் பிரித்தார்கள். சட்டையைக் கழற்றி, கையைத் தூக்கி நிற்கச் சொன்னார்கள். சுற்றி நின்றவர்கள் போனில் படம் பிடித்தார்கள். ஒன்றும் கிடைக்காததால் போகச் சொன்னார்கள். படம் மட்டும் ஊரெல்லாம் சுற்றியது. கொஞ்ச நாளைக்கு வர வேண்டாம், வாடிக்கையாளர்கள் பயப்படுகிறார்கள் என்று கம்பெனியிலிருந்து போன் வந்தது. அதோடு அவன் சிரிப்பு நின்றது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவனைச் சாப்பிட எழுப்புவதே உம்மாவுக்குப் பெரும்பாடாகிவிட்டது.

அந்தச் சமயம் பார்த்து வந்து சேர்ந்தார் பேச்சாளர்.

வெளியூர்க்காரர். பள்ளிவாசல் செயலாளர்தான் அழைத்திருந்தார். ஜவுளிக்கடை நடத்தும் செயலாளருக்குக் கூட்டம் சேர்ந்தால் போதும், எதற்குச் சேர்கிறது என்று பார்க்க மாட்டார். தினமும் மாலைத் தொழுகை முடிந்ததும் பேச்சு. கணீரென்ற குரல். மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்துக்கொள்வதால் பெண்கள் பக்கத்தில் முதல் நாளே அவருக்கு மைக்முழுங்கி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

முதல் நாள் அவளும் அழுதாள். ஏதோ ஒரு தூர தேசத்தில் விமானத்திலிருந்து விழுந்த குண்டுகளைப் பற்றிப் பேசினார், இடிந்த வீடுகளுக்கு அடியில் கிடந்த பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். அதில் பொய் ஒன்றும் இல்லை. அடுத்தடுத்த நாட்களில்தான் பேச்சு, பால் திரிகிற மாதிரி, ஓரத்திலிருந்து திரிந்தது. இளைஞர்களை முன்வரிசைக்கு அழைத்தார். சிங்கங்களே என்றார். ரோட்டில் சட்டையைக் கழற்றி நின்ற தம்பியை எழுப்பி, எல்லார் முன்னாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

“அன்னைக்கு பஸ் நிலையத்துல செத்தவங்க அப்பாவிங்கன்னு சொல்றாங்க. யாருய்யா அப்பாவி? நம்ம பிள்ளைங்க தலையில குண்டு விழுந்தப்ப இவங்கள்ல ஒருத்தனாவது வாயைத் திறந்தானா?”

பெண்கள் பக்கத்தில், திரைக்குப் பின்னால் இருந்த அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதே கேள்வியைத்தான் இஸ்திரி அக்காவும் கேட்டார். ஆனால் அக்கா கேட்டபோது கண் கலங்கியிருந்தது. இவர் குரலில் ஒரு ருசி இருந்தது.

பேச்சாளர் ஊரை விட்டுப் போகும்போது சில இளைஞர்களைத் தன்னோடு முகாமுக்கு அழைத்துப் போகிறார் என்ற செய்தி வந்தது. என்ன முகாம், எங்கே என்று கேட்டால் மார்க்கப் பயிற்சி என்று மட்டும் பதில். தம்பி பெயரும் அதில் இருந்தது. பின்தெரு லாரிக்காரரின் மகனும் முன்பு இப்படித்தான் ஒரு முகாமுக்குப் போனான். அவனை அழைத்துப் போனவர் வேறு ஆள், பேச்சு மட்டும் இதே பேச்சு. மகன் திரும்பி வரவில்லை, அவன் படத்தை வைத்துக்கொண்டு போலீஸ்தான் வந்தது. அன்றிலிருந்து லாரிக்காரர் மனைவி பெண்கள் பக்கத்தில் கடைசி மூலையில் உட்காருவார். அவர் பக்கத்துப் பாயில் யாரும் உட்காருவதில்லை.

வியாழக்கிழமை அவள் வேலை முடிந்து வந்தபோது தம்பி பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தான். உம்மா அடுக்களை வாசலில் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நின்றார்.

“போகாதேடா,” என்றாள்.

“பேசக்கூடத் தெரியுமா உனக்கு?” அவன் நிமிரவில்லை. “என்னை அம்மணமாக்கி நிறுத்தினப்ப யாரு வந்தா? அந்த இஸ்திரி அக்கா வந்தாங்களா?”

“அது தப்பு.”

“தப்புன்னு யாருகிட்ட சொன்னே? அங்க நின்னவன்கிட்ட சொன்னியா? எனக்கு மட்டும் சொல்லி என்ன பிரயோஜனம்? அவரு ஒருத்தருதான்க்கா என்னை மனுஷனா பார்த்தாரு.”

“பஸ் நிலையத்துல செத்தவங்களும் மனுஷங்கதானே.”

“நானா வச்சேன்?”

“இல்ல. அதை வச்சவனும் இப்படித்தான் ஒரு நாள் பையில துணி அடுக்கியிருப்பான்.”

அவன் கை நின்றது. பிறகு பையின் ஜிப்பை இழுத்து மூடினான். “சனிக்கிழமை வண்டி வருது. அழாம வழியனுப்பறதா இருந்தா வா.”

உம்மா பாய்ந்து வந்து பையைப் பிடுங்கிக்கொண்டு போய் அரிசி டிரம்முக்குள் போட்டு மூடி, மூடியின் மேல் உட்கார்ந்துகொண்டார். இன்னொரு நாளாக இருந்தால் மூன்று பேரும் சிரித்திருப்பார்கள். தம்பி வெளியே போனதும் அவள் உம்மாவை எழுப்பி, பையை எடுத்து அரிசி தட்டி, பழைய இடத்திலேயே வைத்தாள்.

“பைத்தியமாடி உனக்கு?”

“பை இல்லாம போயிடுவான்மா. அவன் மனசு மாறணும். பையை ஒளிச்சு என்ன பண்றது?”

மனதை எப்படி மாற்றுவது என்று அவளுக்கும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை பள்ளிவாசல் நிரம்பி வழிந்தது. பேச்சாளரின் கடைசிப் பேச்சு. ஆண்கள் கூடத்துக்கும் பெண்கள் பகுதிக்கும் நடுவில் ஒரு பச்சைத் திரை மட்டும்தான். தொழுகையை இமாம்தான் நடத்தினார். நடுவில் ஓரிடத்தில் உட்கார வேண்டியதை மறந்து எழப் போனார். உடனே பெண்கள் பக்கத்திலிருந்து பட் என்று ஒரு தட்டு. ஆண்கள் வரிசையிலிருந்து சுப்ஹானல்லாஹ் என்று நாலைந்து குரல். இமாம் திரும்ப உட்கார்ந்தார்.

இது அந்தப் பள்ளிவாசலில் வழக்கமாக நடப்பதுதான். தொழுகை நடத்துபவர் தவறினால் பின்னால் நிற்பவர்கள் உணர்த்த வேண்டும் என்பது மார்க்கத்தின் முறை. ஆண்கள் இறைவனைத் துதிக்கும் அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொல்வார்கள். பெண்கள் வாய் திறக்காமல், வலது உள்ளங்கையால் இடது புறங்கையில் தட்டுவார்கள். ஓதக் கற்கிற வயதிலேயே எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். மற்ற ஊர்களில் வருஷத்துக்கு ஒரு தரம் தேவைப்படுமோ என்னவோ. இங்கே இமாமுக்கு வயதாகி மறதியும் கூடிவிட்டதால் பெண்களுக்கு நல்ல பழக்கம். தட்டு விழுந்தால் யார் என்று திரும்பிப் பார்க்கிற பேச்சே கிடையாது. இமாம் அந்த நிமிஷமே நின்றுவிடுவார். வரிசையில் நிற்கும் ஆண்களின் வாயிலிருந்து துதி தானாக வந்துவிடும். “நம்ம பொம்பளைங்க கணக்கு தப்பாது,” என்று இமாமே சிரித்துக்கொண்டு சொல்வார்.

தொழுகை முடிந்தது. பேச்சாளர் மைக்கை எடுத்தார். அன்று அவர் குரல் மிக உச்சத்தில் இருந்தது. போருக்குக் கூப்பிட்டார். கோழைகளைத் திட்டினார். பஸ் நிலையத்தில் நடந்தது வெறும் ஆரம்பம் என்று, சொல்லாமல் சொன்னார். அதற்கு ஆதாரம் காட்ட வேதத்திலிருந்து ஒரு வசனத்தை ஓதினார்.

அந்த வசனம் கூடத்தில் இருந்த எல்லாருக்கும் தெரிந்ததுதான். உன்னோடு போருக்கு வந்தவனோடு போரிடு என்று தொடங்கி, ஆனால் வரம்பு மீறாதே, வரம்பு மீறுகிறவனை இறைவன் விரும்புவதில்லை என்று முடியும் வசனம். பேச்சாளர் முதல் பாதியை ராகத்தோடு இழுத்து ஓதினார். ஓதிவிட்டு நிறுத்தினார். மூச்சு வாங்க நிறுத்துகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். இல்லை. அவர் மீதியை விட்டுவிட்டு, அடுத்த பேச்சுக்குத் தாவினார்.

அவள் திரையின் இடுக்கு வழியே பார்த்தாள். முன்வரிசையில் தம்பியின் பின்னந்தலை. அது மெல்ல ஆடிக்கொண்டிருந்தது, ஆமாம் ஆமாம் என்று. செயலாளர் கண்ணை மூடியிருந்தார். மூலையில் இமாம் தலை குனிந்து தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் தெரிந்த மீதியை ஒருத்தரும் சொல்லவில்லை.

பேச்சாளருக்கு அந்த வசனம் பிடித்துப் போய்விட்டது. இரண்டாம் தரம் ஓதினார். அதே இடத்தில் நிறுத்தினார்.

பட்.

அவள் கைதான் அது. யோசித்துச் செய்யவில்லை. ஓதுகிறவர் தவறினால் தட்ட வேண்டும் என்று கைக்குப் பழகியிருந்தது, தட்டிவிட்டது. தட்டிய பிறகுதான் இது தொழுகை இல்லை, பேச்சு என்று உறைத்தது.

முன்வரிசையில் தம்பியின் தலை ஆடுவது நின்றது. தூண் ஓரம் சாய்ந்திருந்த கறிக்கடைக்காரரின் வாயிலிருந்து, பழக்க தோஷம், சுப்ஹானல்லாஹ் என்று உரக்க வந்துவிட்டது. சொல்லிவிட்டு அவரே திருதிருவென்று விழித்தார்.

பேச்சாளர் திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, மூன்றாம் தரம் ஓதினார். இம்முறை இன்னும் உரக்க. அதே இடத்தில் நிறுத்தினார்.

அவள் கைகள் மடியில் செத்துக் கிடந்தன. அப்போது அவளுக்குப் பின்னால், கடைசி மூலையிலிருந்து தட்டு வந்தது. லாரிக்காரர் மனைவி. சின்னத் தட்டு இல்லை. மகன் போன நாளிலிருந்து சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் புறங்கையில் அறைகிற மாதிரி ஒரு தட்டு. அவளும் தட்டினாள். மாவு மில்காரர் மனைவி தட்டினார். அவர் மருமகள் தட்டினாள். உம்மா தட்டினார். மடியில் குழந்தை தூங்குகிறவர்கள் குழந்தையைப் பாயில் கிடத்திவிட்டுத் தட்டினார்கள். பிறகு யார் தட்டுகிறார்கள், யார் தட்டவில்லை என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஓட்டுக் கூரையில் கோடை மழை இறங்குகிற மாதிரி இருந்தது.

செயலாளர் எழுந்து ஓடி வந்தார். “என்னம்மா இது? பெரிய மனுஷன் பேசிட்டிருக்கறப்ப என்ன சத்தம்? யாரு ஆரம்பிச்சது?”

தட்டு மட்டும் கொஞ்சம் கூடியது.

“இது தொழுகை இல்ல, தட்டறதுக்கு,” என்றார் பேச்சாளர் மைக்கில். “பொம்பளைங்களுக்கு முறை தெரியலன்னா வீட்டுல இருக்கணும்.”

மூலையில் இமாம் எழுந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். தட்டு கேட்டால் எழுவதும் உட்காருவதும் அவருக்கு இத்தனை வருஷப் பழக்கம். திரைக்கு அருகே வந்து, தன் தவறைக் கேட்பது போலவே பணிவாகக் கேட்டார்:

“தப்பு எங்கம்மா?”

தட்டு நின்றது. அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. லாரிக்காரர் மனைவி, எத்தனையோ நாளாய் யாரோடும் பேசாதவர், இருந்த இடத்திலிருந்தே சொன்னார்:

“மீதியை ஓதச் சொல்லுங்க, ஹஜ்ரத். பாதியை மட்டும் ஓதித்தான் எம்பிள்ளையை என்கிட்டேருந்து கூட்டிட்டுப் போனாங்க.”

இமாம் மேடைக்கு நடந்தார். பேச்சாளர் மைக்கைத் தரவில்லை. இமாம் கையை நீட்டிக்கொண்டே நின்றார். கறிக்கடைக்காரர் எழுந்து வந்து இமாமுக்குப் பக்கத்தில் நின்றார். ஒன்றும் செய்யவில்லை, சும்மா நின்றார். மைக் கை மாறியது.

இமாம் அந்த வசனத்தைத் தொடக்கத்திலிருந்து ஓதினார். பேச்சாளர் நிறுத்திய இடத்தில் நிறுத்தாமல், வரம்பு மீறாதே என்பதைத் தாண்டி, கடைசிச் சொல் வரை ஓதினார். பிறகு அதன் அர்த்தத்தைச் சொன்னார். அவர் குரல் இத்தனை வருஷத்தில் முதல் முறையாகக் கடைசிப் பாய் வரை வந்தது.

“இது தொழுகை இல்லதான்,” என்றார் பேச்சாளரைப் பார்த்து. “தொழுகையில தப்பினா திரும்பத் தொழுதுக்கலாம். இதுல தப்பினா பிள்ளைங்க போயிடும். பஸ் நிலையத்துல செத்தவங்களைக் கொன்னவன் கொலைகாரன். நான் அன்னைக்கே சொன்னேன். மெதுவாச் சொல்லிட்டேன். அது என் தப்பு.”

சுப்ஹானல்லாஹ் என்றார் கறிக்கடைக்காரர். இந்த முறை பழக்க தோஷம் இல்லை. கூடம் முழுக்க அந்தச் சொல்லைத் திரும்பச் சொன்னது.

வெளியே செருப்புத் தேடும் இடத்தில் பெண்களுக்குள் பெரிய வழக்கு. முதலில் தட்டியது யார்?

“என் மருமகதான். அவ கைதான் அந்தக் கனம்,” என்றார் மாவு மில்காரர் மனைவி. கல்யாணம் ஆன நாள் முதலாக மருமகளைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது. மருமகள் நம்ப முடியாமல் நின்றாள்.

“உங்க மருமக அப்ப தூங்கிட்டிருந்தா மாமி, நான் பார்த்தேன். நான்தான் தட்டினேன்.”

“நீயா? உனக்கு வசனமே தெரியாதே.”

கோட்டான் என்று யாருக்கும் தோன்றக்கூட இல்லை. அவள் ஓரமாக நின்று சிரித்துக்கொண்டாள். லாரிக்காரர் மனைவி மட்டும் கடந்து போகும்போது அவள் புறங்கையைத் தொட்டார். அது சிவந்து போயிருந்தது.

தம்பிக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்குள் வந்ததும் வராததுமாகக் கேட்டான்: “நீதானே?”

“ஆமா.”

“எங்க எல்லார் மானத்தையும் வாங்கிட்டேக்கா.”

அவள் பேசினாள். சுவரைப் பார்த்துக்கொண்டுதான் பேசினாள், ஆனால் நாக்கு ஒட்டவில்லை. “அந்த வாரம் வந்த துணியில ஒரு கிளிப் கிடைச்சுது. மஞ்சக் கலரு. எவ்வளவு சின்னத் தலையில குத்தறதுன்னு நீயே வந்து பாரு. இன்னும் ஜன்னல்லதான் இருக்கு. உன்னை ரோட்டுல நிறுத்தினது அந்தப் பிள்ளை இல்லடா.” கொஞ்சம் நிறுத்தினாள். “உன்னை நிறுத்தினப்ப நான் பேசியிருக்கணும். நாளைக்கே ஸ்டேஷனுக்கு வா, ரெண்டு பேரும் போய்ப் புகார் எழுதிக் கொடுப்போம். உம்மா கேட்டதுக்கு இமாமும் வர்றேன்னிருக்காரு. நான் பேசறேன்.”

“நீ பேசப் போறியா?”

“முடியலன்னா தட்டறேன்.”

அவன் சிரிக்கவில்லை. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான். ஆனால் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. பை கட்டிலுக்கு அடியில் அப்படியே இருந்தது.

மறுநாள் காலை இயந்திரங்கள் ஓடத் தொடங்கும் முன்பே அவள் இஸ்திரி மேஜைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவள் இவ்வளவு நீளமாகப் பேசி அக்கா கேட்டதில்லை. பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டார். முடிந்ததும் தேய்த்த விரிப்பை எடுத்து நாலாய் மடித்தார்.

“எங்க பையனுக்கு இதனால கால் வந்துடாது,” என்றார்.

“வராதுக்கா.”

“வராது.” மூக்கை உறிஞ்சிக்கொண்டார். “எப்படித் தட்டினே? காட்டு.”

காட்டினாள். அக்கா அதே மாதிரி தட்டிப் பார்த்தார். சத்தம் சரியாக வரவில்லை. “கையைக் குழிக்காதீங்கக்கா, நேராப் போடுங்க.” மறுபடி தட்டினார். வந்தது. மடிப்பு மேஜையிலிருந்தவர்கள், என்ன என்ன என்று வந்து அவர்களும் தட்டிப் பார்த்தார்கள். மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்து, “என்னம்மா, துணியைத் தட்டுங்கன்னா கையைத் தட்டறீங்க?” என்றார். “நீங்களும் ஏதாவது தப்பாச் சொல்லுங்க சார், உங்களுக்கும் தட்டறோம்,” என்றார் அக்கா. கூடமே சிரித்தது. வெடிப்புக்குப் பிறகு அந்தக் கூடத்தில் கேட்ட முதல் சிரிப்பு அது. சிரித்து முடித்ததும் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இன்னைக்கு வண்டி வருதுன்னியே, ஓடு. உன் விரிப்பையும் நானே போட்டுக்கறேன்,” என்றார்.

அவள் தெரு முனைக்கு வந்தபோது வண்டி வந்து நின்றிருந்தது. வெள்ளை வேன், கறுப்புக் கண்ணாடி. முன் இருக்கையில் பேச்சாளர். டிரைவர் ஹார்ன் அடித்தான். வருவதாகப் பெயர் கொடுத்திருந்த மற்ற வீடுகளில் கதவு திறக்கவில்லை. ஒரு வீட்டில் மட்டும் திறந்தது, அதில் பையனுக்குப் பதிலாக அவன் அப்பா வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மறுபடி ஹார்ன். அவர்கள் வீட்டுக் கதவு திறந்து தம்பி வெளியே வந்தான். தோளில் பை.

உம்மா அவனுக்குப் பின்னால் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். தம்பி நேராக வேனிடம் போனான். கண்ணாடி இறங்கியது. பேச்சாளர் கையை நீட்டினார்.

“வா சிங்கம். நீ ஒருத்தன் வந்தா போதும். மத்தவனுங்க பொம்பளை சத்தத்துக்குப் பயந்தவனுங்க.”

தம்பி அந்தக் கையைப் பிடிக்கவில்லை. “ஒரு விஷயம் மட்டும் கேக்கணும்,” என்றான். “உங்களுக்கு அந்த மீதி தெரியும்தானே?”

“தெரியாம என்ன? ஏறு, வழியில விளக்கமாச் சொல்றேன்.”

“வழியில வேணாம். நேத்து கூடத்துல மூணு தரம் ஓதினீங்க. மூணு தரமும் அதே இடத்துல நிறுத்தினீங்க. நான் முன்னாடிதான் உக்காந்திருந்தேன். தெரிஞ்சேதான் நிறுத்தினீங்க. இங்கேயே, எங்க தெருவுல, முழுசா ஒரு தரம் ஓதுங்க. அர்த்தமும் சொல்லுங்க. பஸ் நிலையத்துல நடந்தது வரம்பு மீறினதா இல்லையான்னும் சொல்லுங்க. சொல்லிட்டீங்கன்னா ஏறிடறேன்.”

பேச்சாளர் தெருவைப் பார்த்தார். மாடிகளில், ஜன்னல்களில், துணி காயும் கொடிகளுக்கு நடுவில் பெண்கள் நின்றிருந்தார்கள். மாவு மில்காரர் மனைவி மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். லாரிக்காரர் மனைவி பின்தெருவிலிருந்து வந்து நடுத்தெருவிலேயே நின்றார். அவருக்குப் பக்கத்தில் இன்று ஆள் இருந்தது. யாரும் தட்டவில்லை. எல்லாருடைய வலது கையும் இடது புறங்கைக்கு மேல் தயாராக நின்றது.

தம்பி தோளிலிருந்து பையை இறக்கித் தரையில் வைத்தான். திரும்பி, தெரு முனையில் நின்ற தன் அக்காவைப் பார்த்தான். அவன் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு எட்டிப் பார்த்தது. “என்னக்கா, ஸ்டேஷனுக்குப் போகலாமா?” என்றான்.

“வர்றேன்டா,” என்றாள் அவள். தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி.

வேனின் கண்ணாடி மெல்ல மேலே ஏறியது. டிரைவர் பேச்சாளரைப் பார்த்தான். பேச்சாளர் முன்னால் பார்த்தபடி இரண்டு விரலை அசைத்தார். பின் இருக்கைகள் எல்லாம் காலியாக, வண்டி நகர்ந்து, பெண்களின் தூக்கிய கைகளுக்கு நடுவே மெதுவாக ஊர்ந்து, முனையில் திரும்பியது. உள்ளே இருந்தவர் கடைசி வரை வாயைத் திறக்கவில்லை.